கையெழுத்து இல்லாத உழைப்புக்கு ஒரு சான்று

அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர் மூலம் தாக்கலாகும் மனுவின் அடியில் அந்த வழக்கறிஞரின் கையெழுத்துதான் இருக்கும். ஆனால் அந்த மனுவுக்கு வேண்டிய ஆவணங்களைத் தேடித் திரட்டி, தேதிவாரியாக அடுக்கி, சாட்சிகளிடம் பேசிக் குறிப்பெடுத்து, மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகள் இன்றும் செல்லுபடியாகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பல நேரங்களில் முதல் வரைவையும் எழுதித் தருபவர் வேறொருவர். அவரை அந்நாட்டில் பாராலீகல் என்கிறார்கள். தமிழில் சட்டத் துணைப் பணியாளர் எனலாம். கல்வியாலோ பயிற்சியாலோ பணி அனுபவத்தாலோ தகுதி பெற்று, வழக்கறிஞரிடமோ நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ வேலை பார்த்து, வழக்கறிஞர் தம்மிடம் ஒப்படைக்கும் சட்டப் பணியை அவருடைய பொறுப்பின்கீழ்ச் செய்பவர் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இவருக்குத் தரும் வரையறையின் சாரம். இதில் ‘சட்டப் பணி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தட்டச்சு செய்வதும் கோப்பு அடுக்குவதும் அதில் சேரா. இவர் செய்யாவிட்டால் வழக்கறிஞரே உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும் வேலைகளையே அச்சொல் குறிக்கிறது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு வக்கீல் குமாஸ்தாவின் நினைவு வருவது இயல்பு. கேஸ் கட்டைப் பாதுகாப்பது, வாய்தா தேதியைக் குறித்து வைப்பது, நகல் மனுப் போடுவது, கோர்ட்டு அலுவலகத்தில் குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது எனக் குமாஸ்தாவின் அனுபவ அறிவில்தான் எத்தனையோ வழக்கறிஞர்களின் தொழில் தடையின்றி ஓடுகிறது. எனினும் சட்ட ஆய்வும் வரைவும் அவருடைய முறையான பொறுப்பு அல்ல. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் வகுத்த திட்டத்தின்படி இந்தியாவில் செயல்படும் சட்டத் தன்னார்வலர்களும் வேறு வகையினர். அவர்கள் ஏழைகளுக்கும் இலவசச் சட்ட உதவிக்கும் இடையே பாலமாக நிற்பவர்கள். வழக்கறிஞர் அலுவலகத்தின் ஊழியர்கள் அல்லர். ஆகவே இங்கே பேசப்படும் தகுதிச் சான்று பிறந்து வளர்ந்த இடமான அமெரிக்காவிலேயே அதை வைத்துப் பார்ப்பதுதான் பொருத்தம்.

அங்கே இந்தத் தொழில் தனியாக உருப்பெற்றது 1960களின் பிற்பகுதியில். வழக்குச் செலவு ஏறிக்கொண்டே போனதால், வழக்கறிஞர் அல்லாதவர்களைப் பயிற்றுவித்துச் சட்டப் பணிகளில் ஒரு பகுதியை அவர்களிடம் ஒப்படைப்பது பற்றி ஆராய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1968இல் தனிக்குழு ஒன்றை அமைத்தது. 1974இல் பாராலீகல் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பும், 1975இல் நாலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியச் சட்ட உதவியாளர் சங்கமும் தோன்றின. நாலா மறு ஆண்டே, 1976இல், தன் தகுதித் தேர்வை நடத்தத் தொடங்கியது. தொழில் தோன்றிப் பத்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் அதைச் செய்தவர்களே முன்வந்து தங்களுக்கு ஒரு தேர்வு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. வழக்கறிஞராவதற்கு மாநிலத் தேர்வு உண்டு, முடி வெட்டுவதற்குக்கூட உரிமம் உண்டு. ஆனால் சட்டத் துணைப் பணியாளர் என்று தம்மை அழைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் எந்தத் தடையும் இருக்கவில்லை. இருபது ஆண்டு வேலை பார்த்துத் தேர்ந்தவரும் நேற்று வேலைக்கு வந்தவரும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பவே தகுதிச் சான்று வந்தது.

தமிழில் ‘சான்றிதழ்’ என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமப்பதால் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியிலோ பயிற்சி நிறுவனத்திலோ பாடத்திட்டத்தை முடித்தவருக்குத் தரப்படுவது படிப்புச் சான்றிதழ். இன்னார் இன்ன படிப்பை முடித்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. படிப்பு அல்லது அனுபவம் என்ற முன்தகுதியைச் சரிபார்த்து, தொழில் அமைப்போ மாநில வழக்கறிஞர் மன்றமோ பொதுத் தேர்வு வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கி, அக்காலம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்வது தகுதிச் சான்று. இது இல்லாமல் இத்தொழிலைச் செய்யவே கூடாது என்று அரசோ நீதிமன்றமோ விதிக்கும்போது அது உரிமம் ஆகிறது. அமெரிக்காவின் சட்டத் துணைப் பணியாளர்களுக்கு இன்று இருப்பதில் பெரும்பகுதி நடுவில் உள்ளது. அதைப் பெறும்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. விரும்பியவர் படித்து, கட்டணம் கட்டி, தேர்வு எழுதி வாங்குகிறார். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பெற்றதாகச் சொல்லிக்கொள்வது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. தெரியாமல் செய்தாலும் அது வேலைக்கு எடுப்பவரையும் கட்சிக்காரரையும் தவறாக வழிநடத்துவதாகவே முடியும்.

நாலாவின் தேர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி அறிவுத் தேர்வு. 120 கொள்குறி வினாக்கள். நீதிமன்ற அமைப்பு, உரிமையியல் நடைமுறை, ஒப்பந்தம், நிறுவனச் சட்டம், குற்றவியல், உயிலும் வாரிசுரிமையும், நிலமும் சொத்தும், தீங்கியல், தொழில் நெறி ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். இதில் தேறியவர் மட்டுமே இரண்டாவதான திறன் தேர்வுக்கு உட்காரலாம். அங்கே தரப்படும் தகவல்களையும் சட்டப் பகுதிகளையும் படித்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிந்து கட்டுரையாக எழுத வேண்டும். தேசியக் கூட்டமைப்பு நடத்தும் உயர்நிலைத் தேர்வில் 200 வினாக்கள், நான்கு மணி நேரம். புதிதாக வருவோருக்கென அதுவே தொடக்க நிலைத் தேர்வு ஒன்றையும் நடத்துகிறது. இவை தவிர டெக்சஸ் 1994இலும், வட கரோலினா 2005இலும், புளோரிடா 2008இலும் மாநில அளவில் தத்தம் சான்று அல்லது பதிவு முறைகளைத் தொடங்கின.

இந்தத் தேர்வுகள் சோதிக்கும் அறிவு நடைமுறையில் எத்தன்மையது என்பதை நாள் கணக்கைக் கொண்டு எளிதில் காட்டலாம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒருவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு அழைப்பாணை அவர் கையில் சேர்ந்தால், பொதுவாக 21 நாள்களுக்குள் அவர் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூன் 13, வியாழக்கிழமை அன்று அழைப்பாணை சேர்ந்தது என்று கொள்வோம். அழைப்பாணை சேர்ந்த நாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். இடையில் வரும் சனி, ஞாயிறுகளை விடாமல் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் இருபத்தொன்றாம் நாள் ஜூலை 4இல் வந்து நிற்கிறது. அது அமெரிக்காவின் சுதந்திர நாள், நீதிமன்ற விடுமுறை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்வரை காலம் நீளும் என்பது விதி. ஆகவே ஜூலை 5 வெள்ளிக்கிழமைதான் கெடு. அதே வழக்கு கலிபோர்னியாவின் மாநில நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டிருந்தால் கெடு 21 நாள் அல்ல, 30 நாள். இந்தக் கணக்கைப் போட்டு அலுவலக நாட்காட்டியில் ஏற்றுபவர் பெரும்பாலும் சட்டத் துணைப் பணியாளரே. அவர் ஒரு விதியை மறந்து கெடுவைத் தவற விட்டால், எதிர்த்தரப்பு அதைக் காட்டி ஒருதலைத் தீர்ப்புக் கேட்கலாம். சொத்தையோ நிலுவைத் தொகையையோ இழந்து நிற்கப்போகிறவர் அந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லாத கட்சிக்காரர்.

ஆவணங்களில் மறைக்க வேண்டியவற்றை மறைப்பதும் இத்தகையதே. கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆவணங்களைப் பொதுமக்கள் கணினி வழியே பார்க்க முடியும் என்பதால், சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டுமே விட்டுவைக்க வேண்டும். பிறந்த தேதியில் ஆண்டு மட்டும் தெரியலாம். சிறுவர் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மருத்துவப் பதிவுக் கட்டில் நூற்று நாற்பதாம் பக்கத்தின் ஓரத்தில் மங்கலாக முத்திரையிடப்பட்ட ஓர் எண்ணைக் கண்டுபிடித்து மறைப்பது கண்ணின் கூர்மையை மட்டும் சார்ந்ததன்று. அங்கே அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதைச் சார்ந்தது. மேற்கோள் சரிபார்த்தலும் அவ்வாறே. 2023இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், செயற்கை நுண்ணறிவுச் செயலி கற்பனையாக உருவாக்கித் தந்த தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்கள்மீது நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத் தொகுப்பில் திறந்து பார்க்கும் பழைய வேலையை முறையாகக் கற்ற ஒருவர் மனுவைத் தாக்கலுக்கு முன் பார்த்திருந்தால் அது அலுவலக வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

தகுதிச் சான்றின் பயனைப் பற்றிப் பேசுவோர் சம்பள உயர்வை முன்னிறுத்துவது வழக்கம். அதைவிட ஆழமான பயன் ஒன்று நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. அமெரிக்காவில் சில வகை வழக்குகளில், குறிப்பாகக் குடிமை உரிமைகள் மறுக்கப்பட்டோரும் பாகுபாட்டுக்கு ஆளானோரும் தொடுக்கும் உரிமை வழக்குகளில், வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்ற தரப்பு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கட்டணத்தில் சட்டத் துணைப் பணியாளரின் நேரம் சேருமா, சேர்ந்தால் எந்த விலையில் சேரும் என்ற கேள்வி, கன்சாஸ் நகரத்துப் பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க நடந்த நீண்ட வழக்கில் எழுந்தது. மிசூரி மாநிலம், துணைப் பணியாளர்களுக்கு அலுவலகம் செலவிட்ட தொகையை, அதாவது மணிக்கு 15 டாலரைத் தந்தால் போதும் என்றது. சந்தையில் அவர்களுடைய ஒரு மணி நேரம் 40 டாலருக்கு விற்றது. 1989இல் மிசூரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தை விலையே சரி என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பிரென்னன் எழுதிய அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று இன்றும் வழக்கறிஞர் அலுவலகங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது: சாட்சிகளைத் தேடிக் கண்டு பேசுவது, ஆவணங்களைத் திரட்டித் தருவது, மேற்கோள்களைச் சரிபார்ப்பது, கடிதங்களை வரைவது போன்றவை துணைப் பணியாளர் விலையில் கணக்கிடத் தக்கவை, வெறும் எழுத்தர் வேலையை யார் செய்தாலும் அந்த விலையில் கணக்கிடக் கூடாது.

அதன்பின் கட்டணம் கேட்கும் ஒவ்வொரு மனுவிலும், இந்த மணிகளை உழைத்தவர் யார், அவர் எழுத்தரா, சட்டப் பணி செய்யத் தகுதி பெற்றவரா என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டிய தேவை வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 2001 முதல் நடைமுறையில் உள்ள நீதிமன்ற விதி, துணைப் பணியாளரின் உழைப்புக்கும் கட்டணம் வழங்கலாம் என்று சொல்லும்போதே, அவர் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் துணைவிதிகளில் சொல்லப்பட்ட தகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறது. மனுக்களில் பெயர் வராத ஒருவர், கட்டண மனுவோடு இணைக்கப்படும் பிரமாண வாக்குமூலத்தில் தம் பெயரோடும் படிப்போடும் அனுபவத்தோடும் இடம்பெறுகிறார். தகுதிச் சான்று அங்கே ஒரே வரியில் எழுதப்படுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘இது எழுத்தர் வேலை’ என்று ஆட்சேபிக்கும்போது முதலில் எடுத்துக் காட்டக்கூடிய வரிகளில் அதுவும் ஒன்று. அலுவலக முதலாளியின் பார்வையில் இது வருமானம். கட்சிக்காரரின் பார்வையிலோ, வழக்கறிஞரின் விலையில் நடந்திருக்க வேண்டிய வேலை அதற்குக் குறைந்த விலையில் நம்பகமாக நடந்தது என்பதற்கு இது ஆதாரம்.

சான்று பெற்றவருக்கு நேரடியாகக் கிடைப்பவையும் உண்டு. வேறு மாநிலத்துக்கோ வேறு நகரத்துக்கோ குடிபெயரும்போது, பழைய முதலாளியின் பரிந்துரைக் கடிதத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவரின் நிலையும், நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் வைக்கப்படும் தேர்வில் தேறியவரின் நிலையும் ஒன்றல்ல. ஒரே அலுவலகத்தில் பதினைந்து ஆண்டு ஒரே துறையில் உழைத்துத் தேர்ந்தவரின் திறமை அந்த அலுவலகத்துச் சுவர்களுக்குள் மட்டுமே அறியப்பட்டிருக்கும். அலுவலகம் மூடப்பட்டாலோ வழக்கறிஞர் ஓய்வுபெற்றாலோ அந்த நற்பெயரும் அதோடு போய்விடும். இத்தகையவர்களுக்குத்தான் சான்று பெரிதும் பயன்படுகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாமல் அனுபவத்தால் மட்டுமே மேலே வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நாலாவின் தேர்வுக்கு அனுபவ வழியாகவும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சிறந்த கூறுகளில் ஒன்று.

சம்பளத்தைப் பொறுத்தவரை உண்மையை மிகைப்படுத்தக் கூடாது. சில அலுவலகங்கள் சான்று பெற்றவருக்கு ஊதிய உயர்வோ தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோ செய்கின்றன. சில எதையும் செய்வதில்லை. பெரிய நகரங்களின் பெருநிறுவனங்கள் சான்றைவிடப் பட்டத்தையும், குறிப்பிட்ட மென்பொருளைக் கையாளும் பழக்கத்தையும் பார்ப்பதுண்டு. சான்று வாங்கினால் நிச்சயம் இவ்வளவு கூடும் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனத்தின் சொல்லை, பணம் கட்டுமுன் அந்த ஊர் அலுவலகங்களில் விசாரித்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

புதுப்பித்தலில் உள்ள பயன் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அது பெரியது. நாலாவின் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் 50 மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும், அதில் 5 மணி நேரமாவது தொழில் நெறி பற்றியதாக இருக்க வேண்டும். நீதிமன்ற விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை. காகிதத் தாக்கல் கணினித் தாக்கலாக மாறியதும், மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் சாட்சியமாக ஏறியதும் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை. பத்தாண்டுக்கு முன் கற்றதையே வைத்து நாள் கணக்குப் போடுபவர், விதி மாறிய பிறகு முழு நம்பிக்கையோடு தவறு செய்வார். கலிபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: 2001இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, உரிய படிப்போ பட்டத்தோடு மேற்பார்வையில் பெற்ற அனுபவமோ இல்லாதவர் பாராலீகல் என்ற பெயரைப் பயன்படுத்தவே கூடாது, தகுதியுள்ளவரும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நெறி குறித்து 4 மணி நேரமும் சட்டம் குறித்து 4 மணி நேரமும் கற்றதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மீறினால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு நுகர்வோருக்கும் 2,500 டாலர் வரை தண்டம்.

இந்தக் கடுமை ஏன் என்பது, ஆங்கிலம் சரளமாக வராத குடியேறிகளின் நிலையை எண்ணினால் விளங்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் பெற்ற ஒருவர், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமின்றி, தெருமுனையில் ‘சட்ட உதவி’ என்று பலகை தொங்கவிட்டவரிடம் போய்ப் பணத்தையும் கெடுவையும் ஒருசேர இழப்பது நடக்கக் கூடியது. தகுதிச் சான்று பெற்றவரும் சட்ட ஆலோசனை கூறக் கூடாது, கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது, கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்பவை இத்தொழிலின் அடிப்படை எல்லைகள். ‘நான் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கண்ணீரோடு கேட்கும் கட்சிக்காரரிடம், பதில் தெரிந்திருந்தும், ‘அதை வழக்கறிஞர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போதே அவரிடம் கேட்டு வருகிறேன்’ என்று சொல்லத் தெரிவதுதான் தேர்வின் நெறிப் பகுதி கற்பிக்கும் முதல் பாடம். அந்த வரம்பைத் தேர்வெழுதிக் கற்றவர் அறியாமையால் அதை மீறுவது அரிது.

வரம்பே மாறத் தொடங்கியிருப்பது அண்மைக்கால நிகழ்வு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2007 முதல் சட்டத் துணைப் பணியாளர்களுக்கு உரிமம் வழங்கி, வழக்கறிஞர்களுக்கான அதே சட்டச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது. அங்கே அவர்கள் சிறுகடன் நீதிமன்றத்திலும், வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் தீர்ப்பாயத்திலும், போக்குவரத்துக் குற்ற விசாரணைகளிலும் கட்சிக்காரருக்காகத் தாமே நின்று பேசலாம். ரொறன்ரோவில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் தமிழ் பேசும் பாராலீகல்கள் அலுவலகம் வைத்து நடத்துவதும், வாடகைத் தகராறோடும் வேகத் தண்டச் சீட்டோடும் வரும் முதியவரிடம் ‘ஐயா, இதைப் பற்றி யோசிக்காதேங்கோ, நான் போய்க் கதைக்கிறன்’ என்று அவர் மொழியிலேயே சொல்ல முடிவதும் இந்த உரிமத்தால் வந்த வசதி.

அமெரிக்காவில் இம்மாற்றம் தடுமாறியே வருகிறது. வாஷிங்டன் மாநிலம் 2012இல் குடும்பச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட உரிமம் ஒன்றை உருவாக்கி, 2020இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த முடிவு செய்தது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் தொடர்ந்து தொழில் செய்கிறார்கள். யூட்டா 2019இல் குடும்ப வழக்கு, வீட்டைக் காலி செய்யும் வழக்கு, கடன் வசூல் வழக்கு ஆகியவற்றுக்கு உரிமம் தரத் தொடங்கியது. அரிசோனாவின் உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்த விதிகள் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன; தேர்வில் தேறி அங்கே உரிமம் பெற்ற சட்டத் துணைவர், குடும்ப வழக்குகளிலும் கீழ்நிலை நீதிமன்றங்களின் சில வழக்குகளிலும் வழக்கறிஞரின் மேற்பார்வை இல்லாமலே கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லலாம், மனு வரையலாம், நீதிபதிமுன் நிற்கலாம். அந்த மனுக்களின் அடியில் இருப்பது அவருடைய சொந்தக் கையெழுத்து.